கடன் பத்திரத்தை எங்களுக்கும் வாசித்துக் காட்டுங்கள்

மக்கள் சீனக் குடியரசின் வெளிவிவகார அமைச்சுக்கும் சீன ஏற்றுமதி இறக்குமதி வங்கியின் பொறுப்பாளர்களுக்கும் ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரியவர்களே,

யாழ்ப்பாணக் குடாநாட்டுக்குத் தென்மேற்கே, குறிகட்டுவான் இறங்குதுறையிலிருந்து படகேறினால் ஏறக்குறைய ஒரு மணித்தியாலத்தில் வந்து சேரக்கூடிய நெடுந்தீவிலிருந்து இதை எழுதுகிறேன். பலநோக்குக் கூட்டுறவுச் சங்கமொன்றில் முப்பத்தொரு வருடம் கணக்கெழுதி ஓய்வு பெற்றவன் நான். கட்சி எதிலும் இருந்ததில்லை. உங்கள் தேசத்தின்மீது எனக்குப் பகையும் இல்லை. எங்கள் அரசாங்கம் உங்கள் வங்கியிடம் பட்ட கடனை, அன்றாடம் வாங்கும் சாமான்களுக்குச் செலுத்தும் வரியினூடாக அடைத்துக்கொண்டிருக்கும் இரண்டு கோடிக்கு மேற்பட்ட மக்களில் ஒருவன் என்ற உரிமையில்தான் இந்த மடலை வரைகிறேன். தவணையைத் தள்ளிப்போடும்படியோ வட்டியைக் குறைக்கும்படியோ நான் கேட்கவில்லை. எந்தப் பத்திரத்தில் எங்கள் பெயரால் கையெழுத்து விழுந்திருக்கிறது என்பதை எங்களுக்குக் காட்டும்படி கேட்கிறேன்.

சில மாதங்களுக்கு முன்னர் மருந்தெடுக்க யாழ்ப்பாணம் போய்விட்டுத் திரும்பும்போது, பல்கலைக்கழகத்தில் படிக்கும் எங்கள் ஊர்ப் பிள்ளை ஒருவன் படகில் என் பக்கத்தில் இருந்தான். கதை எப்படியோ நாட்டின் கடனுக்கு வந்தது. "கடனைக் கட்ட ஏலாமல் போனபடியால்தானே ஐயா, அம்பாந்தோட்டையைச் சீனாக்காரன் எடுத்தவன்?" என்று கேட்டான். அது சரியல்ல என்று நான் அவனுக்கு விளக்கினேன். 2017ஆம் ஆண்டு அந்தத் துறைமுகத்தை 99 வருடக் குத்தகைக்கு உங்கள் நாட்டு நிறுவனமொன்றுக்குக் கொடுத்து எங்கள் அரசாங்கம் பெற்ற 112 கோடி அமெரிக்க டொலர், துறைமுகக் கடனுக்கு ஈடாகக் கழிக்கப்படவில்லை என்றும், வற்றிப்போயிருந்த வெளிநாட்டு நாணயக் கையிருப்பை நிரப்பவே அது பயன்பட்டதென்றும், துறைமுகத்துக்காகப் பட்ட கடன் அதற்குப் பின்னரும் திறைசேரியின் தலையிலேயே இருந்ததென்றும், நாடு நொடித்துப்போனதற்கு உங்கள் கடனைவிடச் சர்வதேசச் சந்தையில் விற்ற கடன் முறிகளின் சுமை பெரிய காரணமென்றும் சொன்னேன். பொறுமையாகக் கேட்டான். கடைசியில், "நீங்கள் அந்தக் கடன் பத்திரத்தைப் பார்த்தனீங்களோ, ஐயா?" என்றான்.

நான் பார்க்கவில்லை. முப்பத்தொரு வருடம் கடன் பத்திரங்களோடு சீவித்த எனக்கு, படகு துறையில் அணைந்து கயிறு எறியும் வரைக்கும் அவனுக்கொரு பதில் சொல்ல முடியவில்லை. உங்கள் பக்கத்து நியாயத்தைப் பேச வந்தவனின் கையிலும் காட்டுவதற்கு ஒரு தாள் இல்லை என்பது அன்றிரவு முழுவதும் என்னை உறுத்தியது.

எங்கள் சங்கத்தில் ஒரு நடைமுறை இருந்தது. அங்கத்தவர் எவருக்காவது பெருந்தொகைக் கடன் கொடுப்பதானாலும், சங்கம் வெளியில் கடன் வாங்குவதானாலும், முதல் எவ்வளவு, வட்டி எவ்வளவு, எத்தனை தவணை, பிணை யார், தவறினால் என்ன என்ற ஐந்தையும் பொதுக்கூட்டத்தில் உரத்து வாசித்த பின்னர்தான் கையெழுத்து வைப்போம். ஒரே ஒருமுறை, பாரவூர்தி வாங்க எடுத்த கடனுக்கு, அவசரமென்று சொல்லி நிர்வாகக் குழு வாசிக்காமல் கையெழுத்திட்டது. பத்திரத்தில் பிழையேதும் இருக்கவில்லை. ஆனாலும் ஒரு தவணை பிந்தியபோது, காணியை ஈடு வைத்துவிட்டார்கள், யாரோ தரகு வாங்கிவிட்டார்கள் என்று ஊரெல்லாம் கதை பரவிச் சங்கமே இரண்டாகப் பிரிந்தது. பத்திரத்தைக் கூட்டத்தில் விரித்துவைத்த பிறகுதான் அந்தச் சண்டை அடங்கியது. இந்த அனுபவத்தின் கண்ணோடுதான் ஆபிரிக்காவிலும் தென் அமெரிக்காவிலும் ஆசியாவிலும் உங்கள் அரசாங்கம் செய்துவரும் காரியங்களைப் பற்றிக் கிடைத்ததையெல்லாம் வாசித்து வருகிறேன்.

உங்களுக்கும் எங்களுக்கும் இடையில் எப்போதும் இப்படி இருந்ததில்லை. 1952ஆம் ஆண்டு, கொரியப் போர் நடந்துகொண்டிருந்த காலத்தில், அமெரிக்காவின் எதிர்ப்பையும் பொருட்படுத்தாமல் இலங்கை உங்களோடு இறப்பர் – அரிசி உடன்படிக்கையைச் செய்துகொண்டது. இரு நாடுகளுக்கும் இடையில் அப்போது இராசதந்திர உறவுகூட இல்லை. அது 1957இல்தான் ஏற்பட்டது. ஆண்டுக்கு 50,000 தொன் இறப்பர் கொடுப்பது, 2,70,000 தொன் அரிசி வாங்குவது, ஐந்து வருடத்துக்கு இதுதான் கணக்கு என்பது ஊரறிந்த விடயம். அந்தச் சீனத்து அரிசியைப் பங்கீட்டுக் கூப்பனுக்கு நிறுத்துக் கொடுத்தவர்களில் என் தந்தையாரும் ஒருவர். எந்த விலைக்கு எது வருகிறது என்று வரிசையில் நின்றவர்கள் அவரிடம் கேட்க முடிந்தது. அவருக்கும் பதில் தெரிந்திருந்தது.

1964 ஜனவரியில் பிரதமர் சூ என்லாய் ஆபிரிக்கப் பயணத்தின்போது, சீனா பிற நாடுகளுக்கு உதவுவதற்கான எட்டுக் கொள்கைகளை அறிவித்தார். வட்டியில்லாமலோ குறைந்த வட்டிக்கோ கடன் தருவோம், தேவைப்பட்டால் தவணைக்காலத்தை நீட்டிச் சுமையைக் குறைப்போம், உதவிக்குக் கைமாறாக நிபந்தனையோ விசேட சலுகையோ கேட்கமாட்டோம், எங்கள் வல்லுநர்கள் உள்ளூர் வல்லுநர்களின் வாழ்க்கைத் தரத்திலேயே வாழ்வார்கள் என்பன அவற்றில் சில. அந்தப் பயணத்தின் முடிவில் அவர் இலங்கைக்கும் வந்தார். அவை வெறும் பேச்சாகப் போகவில்லை என்பதற்குத் தான்சானியாவின் தாருஸ்ஸலாமிலிருந்து சாம்பியாவின் கப்பிரி ம்போஷி வரை 1,860 கிலோமீற்றர் நீளத்துக்கு 1970க்கும் 1975க்கும் இடையில் நீங்கள் போட்டுக்கொடுத்த புகையிரதப் பாதை சாட்சி. வெள்ளையர் ஆட்சியிலிருந்த ரொடீசியாவையும் (இன்றைய சிம்பாப்வே) தென்னாபிரிக்காவையும் நம்பியிராமல் சாம்பியா தன் செம்பைக் கடலுக்குக் கொண்டுபோக வேண்டும் என்பதற்காக வட்டியில்லாக் கடனில் எழுந்த பாதை அது. உங்களுடைய தொழிலாளர்கள் அறுபது பேருக்கு மேல் அந்த வேலையில் உயிரிழந்தார்கள். அதுபோல எங்கள் கொழும்பில் 1973இல் திறக்கப்பட்ட பண்டாரநாயக்க ஞாபகார்த்த சர்வதேச மாநாட்டு மண்டபம் உங்கள் மக்களின் அன்பளிப்பு. அதன் பெயரில் ஒரு வதந்தியும் கிடையாது. 1971இல் ஐக்கிய நாடுகள் சபையில் உங்களுக்குரிய ஆசனம் கிடைத்தபோது உங்கள் பக்கம் விழுந்த 76 வாக்குகளில் மூன்றிலொரு பங்கு ஆபிரிக்க நாடுகளுடையது என்பதை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். 1991 தொடக்கம் ஒவ்வொரு புத்தாண்டிலும் உங்கள் வெளிவிவகார அமைச்சரின் முதற்பயணம் ஆபிரிக்காவுக்கே என்ற வழக்கத்தை இன்றுவரை காத்துவருகிறீர்கள். இத்தகைய நன்றியுணர்வு வல்லரசுகளிடம் அபூர்வம் என்றே நான் நினைக்கிறேன்.

அப்படியிருக்க, பத்திரங்களை எப்போது மூடத் தொடங்கினீர்கள்? 2021ஆம் ஆண்டு சில ஆய்வு நிறுவனங்கள், உங்கள் அரச வங்கிகளும் நிறுவனங்களும் 24 நாடுகளோடு செய்துகொண்ட 100 கடன் ஒப்பந்தங்களைத் தேடியெடுத்து வாசித்தன. 2014க்குப் பின்னர் எழுதப்பட்ட ஒப்பந்தங்கள் அனைத்திலும் இரகசியக் காப்பு வாசகம் இருந்தது. கடன்கொடுத்த பிற நாடுகளோடு கூட்டாகப் பேசித் தீர்க்கும் மேசைக்கு இந்தக் கடனைக் கொண்டுபோகக் கூடாது என்ற வாசகம் நான்கில் மூன்று பங்கு ஒப்பந்தங்களில் இருந்தது. 2013 செப்டெம்பரில் கசகஸ்தானின் அஸ்தானாவிலுள்ள பல்கலைக்கழகமொன்றிலும், ஒக்டோபரில் ஜகார்த்தாவில் இந்தோனேசிய நாடாளுமன்றத்திலும் நின்று, மாணவர்களும் மக்கள் பிரதிநிதிகளும் கேட்க, உங்கள் ஜனாதிபதி ஷி ஜின்பிங், நாடுகளைப் பாதைகளாலும் துறைமுகங்களாலும் இணைக்கும் பட்டுப்பாதைத் திட்டத்தை அறிவித்தார். அப்படிச் சபையில் அறிவித்த திட்டத்தின் பத்திரங்கள் சபைக்கு வராமற் போனதை என்னால் விளங்கிக்கொள்ள முடியவில்லை.

இதனால் கெட்டவர்களில் நீங்களும் உண்டு என்பதைச் சொல்லத்தான் இவ்வளவு நீட்டி எழுதுகிறேன். உகண்டாவின் எந்தபே விமான நிலையத்தை விரிவாக்க 2015இல் உங்கள் வங்கி ஏறக்குறைய 20 கோடி டொலர் கடன் கொடுத்தது. 2021இன் இறுதியில், தவணை தவறினால் சீனா விமான நிலையத்தையே எடுத்துக்கொள்ளும் என்ற செய்தி உலகெங்கும் பரவியது. நீங்கள் மறுத்தீர்கள், எவரும் நம்பவில்லை. அடுத்த வருடம் அந்த ஒப்பந்தம் ஆய்வாளர்களின் கைக்குக் கிடைத்தபோது, விமான நிலையம் ஈடு வைக்கப்படவில்லை என்பதும், ஒரு கணக்கில் பணத்தை வைப்பிலிட்டுக் காப்பாக வைத்திருக்க வேண்டும் என்ற நிபந்தனையே இருந்தது என்பதும் தெரியவந்தன. அந்த நிபந்தனையும் கடினமானதுதான். ஆனாலும் ஊர் பேசியது அதுவல்ல. உங்கள் மீது விழுந்த பழியைத் துடைக்கக்கூடிய சாட்சி உங்கள் பெட்டகத்துக்குள்ளேயே பூட்டப்பட்டுக் கிடந்தது.

சாம்பியாவின் கதை இதைவிட வேதனையானது. உங்களுடைய பழைய புகையிரதப் பாதையின் கடைசி நிலையம் இருக்கும் அதே நாடு, 2020 நவம்பரில் கடன் தவணையைக் கட்ட முடியாமல் நின்றது. சற்றுப் பொறுக்கும்படி அது முறி வைத்திருந்தவர்களிடம் கேட்டபோது, சீனாவுக்கு எவ்வளவு கொடுக்க வேண்டும், எந்த நிபந்தனையில் என்று தெரியாமல் நாங்கள் எப்படி விட்டுக்கொடுப்பது என்று அவர்கள் மறுத்தார்கள். முறி வைத்திருந்தவர்கள் இலாபத்துக்குப் பேசினார்கள் என்பது உண்மைதான். ஆனால் அப்படிப் பேசுவதற்கு ஒரு காரணத்தை அவர்கள் கையில் கொடுத்தது யார்? 2021இல் ஆட்சி மாறியபோது, சீனக் கடன் முன்னைய அரசாங்கம் சொல்லிவந்த தொகையைவிட மிக அதிகம் என்று தெரிந்தது. அரசாங்கங்களுக்கிடையிலான கடன் உடன்பாடு 2023 ஜூனில்தான் வந்தது. இடையில் போன இரண்டரை வருடத்தில் மருந்துக்கும் பாடசாலைக்கும் உரமானியத்துக்கும் வழியில்லாமல் அந்த நாட்டின் சாதாரண மக்கள் பட்டது என்ன என்பதை, 2022ஐக் கண்ட எங்களுக்கு எவரும் விளக்க வேண்டியதில்லை.

2022 ஏப்ரல் 12ஆம் திகதி வெளிநாட்டுக் கடன்களைத் திருப்பிச் செலுத்துவதை எங்கள் நாடு நிறுத்தியது. அந்த ஆண்டு எங்கள் தீவில் கடலுக்குப் போகும் வள்ளங்கள் மண்ணெண்ணெய் இல்லாமல் கரையில் கவிழ்த்துக் கிடந்தன. கொள்கலனுக்குச் சுண்ணாம்பால் பெயரெழுதி வரிசையில் வைத்துவிட்டு ஆட்கள் வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டுவிட்டு வருவார்கள், வரிசை நகர்ந்திராது. லீற்றர் 87 ரூபாயாக இருந்த மண்ணெண்ணெய் ஓகஸ்ட் மாதத்தில் ஒரேயடியாக 340 ரூபாய் ஆனது. அந்த நெருக்கடிக் காலத்தில் உங்கள் நாடு அரிசியும் எரிபொருளும் தந்துதவியதை நான் மறக்கவில்லை. ஆனால் கடனைச் சீரமைக்கும் பேச்சு தொடங்கியபோது, இந்தியாவும் ஜப்பானும் பிரான்சும் இணைத்தலைமை வகித்த, கடன் கொடுத்த நாடுகளின் குழுவின் மேசையில் நீங்கள் பார்வையாளராக மட்டுமே அமர்ந்தீர்கள். 2023 ஒக்டோபரில் உங்கள் ஏற்றுமதி இறக்குமதி வங்கி எங்கள் அரசாங்கத்தோடு ஏறக்குறைய 420 கோடி டொலர் கடனுக்குத் தனியாக உடன்பாடு கண்டதாக அறிவிப்பு வந்தது. நிபந்தனைகள் அறிவிப்பில் இல்லை. 2024 ஜூன் 26ஆம் திகதி அந்தக் குழுவோடு 580 கோடி டொலருக்கும் உங்கள் வங்கியோடு தனியாகவும் ஒரே நாளில் உடன்படிக்கைகள் கைச்சாத்தாகின. ஒரே கடனாளியோடு ஒரே நாளில் இரண்டு அறைகளில் பேசியவர்களில் யார் அதிகம் விட்டுக்கொடுத்தார் என்பதை அறியும் வழி, அந்தக் கடனைக் கட்டுகிறவர்களுக்கு இல்லை. நீங்களே பெரிய மனதோடு நடந்திருக்கவும் கூடும். அப்படியானால் அது ஊருக்குத் தெரிவதில் உங்களுக்கு என்ன நட்டம்?

கடன் வாங்கிய அரசாங்கமே பத்திரத்தை வெளியிடலாமே என்று நீங்கள் கேட்கலாம். கென்யாவின் மொம்பாசா – நைரோபி புகையிரதப் பாதைக் கதை அதற்குப் பதிலாகும். 2017 மே 31ஆம் திகதி திறக்கப்பட்ட அந்தப் பாதையின் கடன் ஒப்பந்தங்களைக் காட்டும்படி கேட்டுப் பொதுமக்கள் நீதிமன்றம் வரை போனார்கள். காட்ட முடியாது, ஒப்பந்தமே தடுக்கிறது என்பதே அன்றைய அரசாங்கத்தின் பதில். 2022 நவம்பரில் புதிய அரசாங்கம் 2014ஆம் ஆண்டின் மூன்று ஒப்பந்தங்களைப் பகிரங்கப்படுத்தியபோது, அது பொய்யல்ல என்று தெரிந்தது. கடன் கொடுத்தவரின் எழுத்துமூல அனுமதியில்லாமல் எதையும் வெளியிடக் கூடாதென்றும், ஒப்பந்தம் சீனச் சட்டத்துக்கு உட்பட்டதென்றும், பிணக்கு வந்தால் பெய்ஜிங்கில்தான் தீர்க்க வேண்டுமென்றும் அவற்றில் எழுதியிருந்தது. வெளியிட்டதால் என்ன நடந்தது? வானம் இடிந்து விழவில்லை. கென்யா உங்களோடு தொடர்ந்து வியாபாரம் செய்கிறது. 2025இல் அதே டொலர் கடன்களை உங்கள் யுவான் நாணயத்துக்கு மாற்றி, வட்டிச் சுமையைக் குறைக்க நீங்களும் இணங்கினீர்கள். மலேசியாவின் கிழக்குக் கரைப் பாதையையும் பாருங்கள். 2018இல் ஆட்சி மாறி, திட்டம் நிறுத்தப்பட்டு, விலை பகிரங்கமாக விவாதிக்கப்பட்டது. 6,550 கோடி ரிங்கிட்டாக இருந்த செலவு அடுத்த வருடம் 4,400 கோடியாக இறங்கியது. வேலையும் உங்கள் நிறுவனத்திடமே இருந்தது. பெருவின் சான்காய் துறைமுகத்தில் உங்கள் நிறுவனத்துக்குக் கொடுத்த தனியுரிமை செல்லாது என்று 2024இல் அந்நாட்டுத் துறைமுக அதிகாரசபையே சொன்னபோது, அந்த நாட்டு நாடாளுமன்றம் திறந்த சபையில் சட்டத்தைத் திருத்தியது. நவம்பரில் துறைமுகமும் திறக்கப்பட்டது.

எக்குவடோரில் இதற்கு நேர்மாறாக நடந்தது. கொக்கா கோடோ சின்கிளேர் நீர்மின் நிலையம் 1,500 மெகாவாட் வலுவுடையது. 2016 நவம்பரில் உங்கள் ஜனாதிபதியின் முன்னிலையிலேயே திறந்துவைக்கப்பட்டது. நீரைச் சுழலிகளுக்குப் பிரித்தனுப்பும் உருக்குக் குழாய்களில் ஆயிரக்கணக்கான வெடிப்புகள் இருப்பது பின்னர் தெரியவந்தது. எரிமலையொன்றின் அருகே, மண் நிலையில்லாத இடத்தில் கட்டியது சரிதானா என்ற கேள்வி தொடக்கத்திலேயே இருந்தது. 2020 பெப்ரவரியில், அதே ஆற்றில் கீழே இருந்த சான் ரபாயெல் நீர்வீழ்ச்சி ஒரே நாளில் இல்லாமற்போய், ஆறு அணையை நோக்கிக் கரையை அரித்துக்கொண்டு ஏறத் தொடங்கியது. அதற்கும் அணைக்கும் தொடர்புண்டா என்று வல்லுநர்கள் இன்னமும் வாதிடுகிறார்கள். நான் சொல்லவருவது வேறு. பெரிய இடத்துப் பேச்சாகவே எல்லாம் முடிந்ததால், அந்த ஆற்றங்கரையில் பிறந்து வளர்ந்தவர்களும் அந்நாட்டுப் பொறியியலாளர்களும் கேட்டிருக்கக்கூடிய கேள்விகள், காசும் கொங்கிரீட்டும் போவதற்கு முன்னர் கேட்கப்படவில்லை. ஐரோப்பாவின் சிறு நாடான மொண்டனேகுரோவின் மலைகளுக்கூடாக 41 கிலோமீற்றர் நெடுஞ்சாலைக்கு 2014இல் நீங்கள் கொடுத்த ஏறக்குறைய 94 கோடி டொலர் கடனையும் இதே கணக்கில்தான் எழுதவேண்டும்.

கடனுக்கு வெளியிலும் இதே பழக்கத்தைக் காண்கிறேன். தென்சீனக் கடலில் ஒன்பது கோடுகளை வரைந்து 2009இல் ஐக்கிய நாடுகள் சபைக்கு வரைபடம் அனுப்பினீர்கள். அந்தக் கோடுகள் எந்த அகலாங்கில் தொடங்கி எந்த நெட்டாங்கில் முடிகின்றன என்பதை இன்றுவரை அறிவிக்கவில்லை. 2016 ஜூலை 12ஆம் திகதி, பிலிப்பைன்ஸ் தொடுத்த வழக்கில், கடற்சட்ட உடன்படிக்கையின் கீழ் அமைந்த நடுவர் தீர்ப்பாயம் அந்தக் கோடுகளுக்குள் நீங்கள் கோரும் வரலாற்று உரிமைக்குச் சட்ட அடிப்படை இல்லை என்று தீர்ப்பளித்தது, நீங்கள் ஏற்கவில்லை. இது வல்லரசுகளின் வழக்கு, தீவுக்காரனுக்கு இதில் என்ன என்று கேட்காதீர்கள். கடலில் எல்லை எதுவென்று தெரியாமல் வலை போட்டவனின் வள்ளம் பிடிபடும்போது அந்த வீட்டில் எழும் அழுகையை நாங்கள் பல தலைமுறையாகக் கேட்டு வந்திருக்கிறோம். பசிபிக்கில் சொலமன் தீவுகளோடு 2022 ஏப்ரலில் நீங்கள் செய்த பாதுகாப்பு உடன்படிக்கையின் மூலவாசகத்தையும் அந்தத் தீவு மக்கள் காணவில்லை. கசிந்த வரைவொன்றைத்தான் அவர்கள் வாசித்தார்கள்.

உங்களால் திறந்து நடக்க முடியாது என்று நான் நம்பவில்லை. மேக்கொங் ஆற்றின் மேற்பகுதியில் உங்கள் அணைகள் எவ்வளவு நீரைத் திறந்துவிடுகின்றன என்ற விபரத்தை வெள்ளக் காலத்துக்கு மட்டும் கொடுத்துவந்த நீங்கள், 2020 தொடக்கம் ஆண்டு முழுவதும் கீழே இருக்கும் நாடுகளுக்குக் கொடுக்கிறீர்கள். அது போதாது என்பார் உண்டு. ஆனாலும் தாய்லாந்திலும் லாவோசிலும் கம்போடியாவிலும் ஆற்றை நம்பியிருப்பவர்களுக்கு அது பெரிய காரியம். 2023 மார்ச் 10ஆம் திகதி, பகைத்துக்கொண்டிருந்த சவூதி அரேபியாவையும் ஈரானையும் பெய்ஜிங்கில் அமர்த்திச் சமரசம் செய்துவைத்தபோது, மூன்று நாடுகளின் கூட்டறிக்கை அன்றே உலகத்தின் முன் வைக்கப்பட்டது. அன்று நான் மனமார மகிழ்ந்தேன். போரை மூட்டாமல் சமாதானத்தைத் தரகு பேசிய வல்லரசு என்ற பெயர் உங்களுக்கு அன்று கிடைத்ததில் ஒரு பங்கு, அந்தத் தாளைப் பகிரங்கமாக வைத்ததற்கும் உரியது.

"உள்நாட்டு விவகாரங்களில் தலையிடாமை" என்பது 1954 தொடக்கம் உங்கள் வெளியுறவின் தூண். குடியேற்ற ஆட்சியால் அடிபட்ட நாடுகளுக்கு அது அருமையான வாக்குறுதி. ஆனால் ஆட்சியில் இருப்பவரோடு மட்டும் பேசி, அவர் மக்களிடம் மறைப்பதற்குத் துணைபோகும் வாசகத்தையும் ஒப்பந்தத்தில் எழுதிவிட்டால், அது தலையிடாமை ஆகுமா? ஒரு நாட்டின் நாடாளுமன்றம் தன் கடனைத் தானே வாசிப்பதைத் தடுக்கும் வாசகத்தைவிடப் பெரிய தலையீட்டை என்னால் நினைத்துப் பார்க்க முடியவில்லை.

எங்களைப் போன்ற விளிம்பிலிருப்பவர்களுக்கு இது எப்படி வந்து சேர்கிறது என்பதற்கு இரண்டு சிறிய காட்சிகளைச் சொல்கிறேன். 2021 மே மாதத்தில், கொழும்பில் சட்டமா அதிபர் திணைக்களத்துக்கு உங்கள் உதவியோடு அமைக்கப்பட்ட நூலகத்தின் பெயர்ப்பலகையில் சிங்களமும் ஆங்கிலமும் சீனமும் இருந்தன. நாட்டின் அரசகரும மொழிகளில் ஒன்றான தமிழ் இல்லை. எதிர்ப்பு எழுந்ததும் பலகை அகற்றப்பட்டது. வேண்டுமென்று செய்ததாக நான் கருதவில்லை. யாரோடு பேசுகிறோமோ அவர்களின் மொழி மட்டும் கண்ணில் படுகிறது, அவ்வளவுதான். மற்றது எங்கள் வீட்டு வாசலிலேயே நடந்தது. நான் சங்கத்தில் வேலை பார்த்த காலமெல்லாம் நெடுந்தீவின் மின்சாரம் டீசல் இயந்திரத்தில்தான் ஓடியது. நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவு மூன்றுக்கும் சூரிய ஒளியும் காற்றும் கலந்த மின்திட்டம், ஆசிய அபிவிருத்தி வங்கியின் நிதியில், 2021 ஜனவரியில் உங்கள் நிறுவனமொன்றுக்கு வழங்கப்பட்டது. இந்தியா ஆட்சேபித்தது. அதே வருட டிசெம்பரில், மூன்றாம் தரப்பொன்றின் பாதுகாப்புக் கவலையால் வேலை நிறுத்தப்படுவதாக உங்கள் தூதரகம் அறிவித்தது. பின்னர் இந்தியா மானியமாகச் செய்துதருவதாக உடன்பட்டது. அந்த டிசெம்பரில்தான் உங்கள் தூதுவர் வேட்டி கட்டி நல்லூர் கோயிலுக்கு வந்து, யாழ்ப்பாண நூலகத்துக்கு நூல்களும் தந்துபோனார். திட்டம் வந்ததும் போனதும் மாறியதும், தீவில் இருக்கும் எங்களுக்குப் பத்திரிகையில்தான் தெரியவந்தன.

இந்தக் கோரிக்கையை உங்களிடம் மட்டும் வைப்பதாக நினைக்க வேண்டாம். 2025 ஏப்ரலில் எங்கள் அரசாங்கம் இந்தியாவோடு செய்த பாதுகாப்பு உடன்படிக்கையின் வாசகத்தையும் மக்கள்முன் வைக்க வேண்டும் என்பதே என் நிலைப்பாடு. பத்திரத்தில் கையெழுத்திட்ட எங்கள் ஆட்சியாளர்களின் பொறுப்பு உங்களுடையதைவிடப் பெரிது; பயணிகள் இல்லாத மத்தள விமான நிலையத்தை வேண்டுமென்று கேட்டவர்கள் அவர்கள்தாம், நீங்களல்லர். ஆனால் அவர்களிடம் கேட்டால் உங்களைக் கைகாட்டுகிறார்கள். ஆகையால் உங்களிடமே வந்திருக்கிறேன்.

நான் வேண்டுவது பெரிதல்ல. நுரைச்சோலை அனல் மின் நிலையம், அம்பாந்தோட்டைத் துறைமுகம், மத்தள விமான நிலையம், நெடுஞ்சாலைகள் ஆகியவற்றுக்காக இலங்கைக்குக் கொடுத்த கடன்களின் ஒப்பந்தங்களையும், 2023, 2024 மறுசீரமைப்பு உடன்படிக்கைகளையும் வெளியிடத் தடையில்லை என்று ஓர் எழுத்துமூல அனுமதியை எங்கள் திறைசேரிக்கு அனுப்புங்கள். ஒரு பக்கக் கடிதம் போதும். இனி எழுதும் ஒப்பந்தங்களில், அது சாம்பியாவின் லுசாக்காவோ எக்குவடோரின் கீற்றோவோ கிர்கிஸ்தானின் பிஷ்கெக்கோ எங்கள் கொழும்போ, அந்த இரகசிய வாசகத்தை விட்டுவிடுங்கள். 2019 ஏப்ரலில் பட்டுப்பாதை மாநாட்டில் உங்கள் ஜனாதிபதி திறந்த, பசுமையான, தூய்மையான ஒத்துழைப்பு என்று உலகத் தலைவர்களின் முன் சொன்னார். அந்த மூன்றில் முதலாவது சொல்லை மட்டும் நான் பிடித்துக்கொண்டு நிற்கிறேன்.

அம்பாந்தோட்டை முதற்கட்டக் கடன் 30 கோடியே 70 இலட்சம் டொலர், வட்டி 6.3 வீதம் என்று பத்திரிகைகளில் வாசித்து என் குறிப்புப் புத்தகத்தில் எழுதி வைத்திருக்கிறேன். தவணை எத்தனை, பிணை எது, தவறினால் என்ன என்ற மூன்று வரிகளும் வெறுமையாக இருக்கின்றன. அந்தப் பிள்ளை விடுமுறைக்கு வரும்போதெல்லாம் படகில் சந்திக்கிறோம். அவனுக்குச் சொல்ல வேண்டிய பதிலும் அந்த மூன்று வரிகளில்தான் இருக்கிறது. உங்கள் கடிதத்துக்காகக் காத்திருக்கிறேன்.

இங்ஙனம்,
ஓய்வுபெற்ற கூட்டுறவுச் சங்கக் கணக்காளர் ஒருவர்,
நெடுந்தீவு.